சௌமிய வருஷத்துப் பந்துவீச்சாளன்

ஐம்பது வயதுக்கு மேற்பட்டவர்களுக்கென்று இந்தியாவுக்கு ஒரு கிரிக்கெட் அணி இருப்பது பலருக்குத் தெரியாது. என் மனைவி விஜயகுமாரிக்குத் தெரியும், ஆனால் நம்ப மாட்டாள். மறைமலைநகரில் கம்பெனி பஸ் ஓட்டிக்கொண்டே எட்டு வருஷமாக அந்த அணிக்கு முதல் ஓவர் போட்டவன் நான். எங்கள் ஆட்டத்தைப் பார்க்க வருகிறவர்களைவிட எங்கள் முழங்காலுக்குக் கட்டுப்போட வருகிறவர்கள் அதிகம் என்பது உண்மைதான். அதற்காக அது தேசிய அணி இல்லை என்று ஆகிவிடுமா?

இந்த வருஷம் இலங்கைப் பயணத்துக்கு ஆள் எடுக்க, படூர் பக்கம் ஒரு கல்லூரி மைதானத்தில் தேர்வு வைத்தார்கள். அங்கேதான் கஸ்தூரிரங்கனைப் பார்த்தேன். திருக்கழுக்குன்றத்துக்காரர், நாவலூரில் கம்ப்யூட்டர் கம்பெனி மேனேஜர். போன மாதம்தான் ஐம்பது முடிந்ததாம். தலையில் சாயம்கூடப் பூசவில்லை, அத்தனையும் சொந்தக் கறுப்பு. பார்த்ததுமே வயிறு எரிந்தது. மணிக்கட்டில் ஒரு வாட்ச், ஓடும்போது அது இதயத்துடிப்பை எண்ணுமாம். என் இதயத்துக்கு வாட்ச் வேண்டாம், இரண்டாவது ஓவரில் எனக்கே காதில் கேட்கும்.

"சார், நான் சின்ன வயசுலேர்ந்து உங்க பௌலிங் பாத்துண்டிருக்கேன்," என்றார் மரியாதையாக. நான் அணிக்கு வந்தபோது அவருக்கு நாற்பத்திரண்டு.

அன்று நான் ஆறு ஓவரில் நான்கு விக்கெட் எடுத்தேன். அதில் ஒன்று கஸ்தூரிரங்கனுடையது. அவர் எடுத்தது ஒன்றே ஒன்று. அதுவும் பேட்ஸ்மேன் இடுப்பைப் பிடித்துக்கொண்டு ஸ்டம்பின் மேலேயே உட்கார்ந்துவிட்டதால் கிடைத்தது.

மறுநாள் வாட்ஸ்அப்பில் பட்டியல் வந்தது. கஸ்தூரிரங்கன் இருந்தார், நான் இல்லை. அடியில் ஒரு வரி: 'எதிர்காலத்தைக் கருத்தில் கொண்டு, ஐம்பத்தேழு வயதைக் கடந்தவர்கள் இம்முறை சேர்க்கப்படவில்லை.' கிழவர்கள் ஆடுகிற அணிக்கு என்ன எதிர்காலம் வேண்டிக் கிடக்கிறது? நாலு விக்கெட்டை ஒருத்தனாவது கணக்கில் எடுத்தானா? கோபத்தில் டிபனைக்கூட ஒதுக்கிவிட்டேன்.

"அம்பத்தெட்டு ஆயி கம்பெனிக்காரனே மாலை போட்டு அனுப்சிட்டான். இன்னும் இன்னா பந்து வேண்டிக் கீது?" என்றாள் விஜயகுமாரி.

"எனக்கு அம்பத்தாறுதான்டி."

இது ஜம்பம் இல்லை, உண்மை. என் சிறு வயதில் எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் குறைந்து, இரண்டாவது வாத்தியார் வேலை போகிற நிலைமை. ஹெட்மாஸ்டர் தெருத்தெருவாக ஆள் பிடித்தார். அம்மா நடவுக்குப் போய்விட்டதால் அக்கா ஆராயி என்னை இடுப்பில் வைத்துக்கொண்டு வகுப்புக்குப் போயிருந்தாள். அக்காவோடு சேர்த்து இடுப்பில் இருந்தவனையும் பதிவேட்டில் எழுதிவிட்டார். வலது கையால் தலைக்கு மேலாக இடது காதைத் தொட்டால் ஐந்து வயது என்பது அந்தக் காலத்துக் கணக்கு. மூன்று வயதுக் கை எப்படி எட்டும்? அவரே என் காதை மடக்கி இழுத்துவந்து விரலில் ஒட்டவைத்தார். 1967 ஜூன் ஒன்றாம் தேதி பிறந்தவனானேன். அந்த ஒரு இழுப்பில் கம்பெனியில் இரண்டு வருஷ வேலை போனது. இப்போது கிரிக்கெட்டும் போகிறது.

பீரோவைக் குடைந்து ஜாதகத்தை எடுத்தேன். ஓரத்தில் மஞ்சள் தடவிய பழைய நோட்டு. மாமல்லபுரத்துக்கு பஸ் ஏறினேன்.

தேர்வுக் குழுத் தலைவர் சுப்பிரமணி அங்கே பஸ் ஸ்டாண்டு பக்கம் சுற்றுலாக்காரர்களுக்கு ஸ்கூட்டர் வாடகைக்கு விடுகிறார். எனக்கு முன்னால் முதல் ஓவர் போட்டவர் அவர்தான். 2017இல் அவருடைய இடத்துக்குத்தான் நான் வந்தேன். அப்போது அவருக்கு ஐம்பத்தைந்து. "இளசுங்களுக்கு வழி வுடணும் அண்ணாத்த" என்று தோளில் தட்டி வேறு சொன்னேன். அன்றைக்கு அது எனக்கு ரொம்ப நியாயமாகப் பட்டது.

ஒரு வெள்ளைக்காரப் பெண்ணுக்கு ஹெல்மெட் மாட்டிவிட்டு என் பக்கம் திரும்பினார் சுப்பிரமணி. "இன்னா ஜெயா, லிஸ்ட்டப் பாத்துட்டு வந்துகினு கீறியா?"

"அநியாயம் அண்ணாத்த. நாலு விக்கெட் எட்த்தவன வுட்டுட்டு ஒண்ணு எட்த்தவன சேத்துகினீங்க."

"நல்லாத்தான் போட்ட. ஆனா ரூலு கீதே. ஒனக்கு அம்பத்தெட்டு."

"அம்பத்தாறு," என்று ஜாதகத்தை ஸ்கூட்டர் சீட்டின் மேல் விரித்தேன். காது இழுத்த கதையையும் சொன்னேன்.

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாசித்தார். "சௌமிய வருஷம், ஆவணி மாசம். அப்டின்னா அறுவத்தொம்போது. இது நெசந்தானா? எவனாவது புச்சா எழுதிக் குட்த்ததா?"

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. "நிலாவுல ஆளு எறங்கி ஒரு மாசம் கழிச்சிப் பொறந்தேன்னு எங்க நைனா ஊரெல்லாம் சொல்லும். எங்க அக்கா இன்னும் உசுரோட கீது. எந்தக் கோயில்ல வேணா சத்தியம் பண்ணும். வேணும்னா கூட்டிகினு வரேன்."

"வாணாம், நம்பறேன்," என்று விரல்விட்டு எண்ணினார். "அப்ப ரெண்டாயிரத்து பதினேழுல ஒனக்கு எத்தினி வயசு?"

"நாப்பத்தெட்டு."

சொன்னது வாய். மூளை பின்னால்தான் வந்தது.

சுப்பிரமணி திட்டவில்லை. திட்டியிருந்தால் பதிலுக்குக் கத்தியிருப்பேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார்.

"அம்பது வயசு டீம்ல நாப்பத்தெட்டு வயசுப் பையன் பூந்து என்ன வூட்டுக்கு அனுப்சிட்டானா," என்று சிரித்தார். சிரித்து முடிக்கச் சற்று நேரமாயிற்று. "அந்த வருசம் ரொம்ப பேஜாராப் போச்சி ஜெயா. அஞ்சு வயசு சின்னவன் பந்து இவ்ளோ வேகமா வருதே, நாம அவ்ளோ கெழமாய்ட்டோமான்னு கண்ணாடி முன்னால நின்னுகினே இருப்பேன். ஏழு வயசு வித்தியாசம்னு எனக்கு யாரு சொன்னா?"

எனக்கு வெட்கமாகப் போயிற்று. எட்டு வருஷமாக, நேர்மையாக வாங்கிய இடம் என்று பஸ்ஸில் ஏறினவர்களிடமெல்லாம் பெருமையடித்தவன் நான். அந்த இரண்டு வருஷமும் என் பீரோவுக்குள்ளேயே பூட்டிக் கிடந்திருக்கிறது. கஸ்தூரிரங்கனாவது ஐம்பது முடிந்த பிறகு வந்தார்.

"இத்த கமிட்டில வெக்கட்டா? வெச்சா இந்த வாட்டி நீ டீம்ல கீற. ஆனா அப்பால பழசையும் கிளறுவானுங்க. அம்பது ஆவறதுக்கு முந்தி ஆடின மேட்ச்செல்லாம் இன்னா ஆவும்னு தெரியல."

"வாணாம் அண்ணாத்த. அந்த ஆளே ஆடட்டும்."

தலையாட்டினார். நோட்டை மடித்தவர், கொடுக்காமல் கையிலேயே வைத்திருந்தார்.

"இப்ப அறுவது வயசு டீமுல நாந்தான் மொதல் ஓவர் போட்றேன். தெரியுமில்ல?"

"தெரியும்."

"அந்தப் பள்ளிக்கூடத்துப் பேப்பரக் காட்னா ரெண்டு வருசத்துல நீ அங்க வந்துடலாம்."

ஜாதகத்தை நீட்டினார். வாங்கிக்கொண்டு மனசுக்குள் கூட்டிப் பார்த்தேன். இந்த நோட்டின்படி எனக்கு அறுபது ஆக நான்கு வருஷம் இருக்கிறது. அப்போது அவருக்கு அறுபத்தேழு.

"இத்தயே எட்த்துகினு வரேன் அண்ணாத்த," என்றேன். "அதுவரிக்கும் மொதல் ஓவர் நீயே போடு."