தலைகீழாகத் தொங்கிய போர்டு

நாலு வழிச்சாலை வந்தபோது ஊரே கைதட்டியது. நானும் தட்டினேன். என் டீக்கடை திருப்பரங்குன்றம் போகிற பழைய ரோட்டில் இருக்கிறதே, இனி லாரியெல்லாம் இந்தப் பக்கம் வராதே என்று இந்த மண்டைக்கு அப்போது உறைக்கவில்லை. புது ரோடு திறந்ததுமே கடையில் ஈ ஓட்ட ஆரம்பித்தோம்.

சரி, லாரி வராவிட்டால் நாம் போவோம் என்று நானும் என் வீட்டுக்காரர் தனிஸ்லாஸும் பாய்லரைத் தூக்கிக்கொண்டு, கீழக்குயில்குடி தாண்டிப் புது ரோட்டோரமாகவே கடை போட்டோம். தூத்துக்குடி துறைமுகத்துக்குப் போகிற லாரிகளுக்கு அதுதான் வழி. ஆனால் எவனும் நிற்கவில்லை. பாதிப் பேர் வடநாட்டு டிரைவர்கள். 'அற்புதமேரி டீ ஸ்டால்' என்று தமிழில் எழுதியிருப்பதை அவர்கள் எங்கே படிக்கப் போகிறார்கள்? இந்தக் கடையும் படுத்துவிட்டால் கோரிப்பாளையத்தில் ஏதாவது ஹோட்டலுக்கு மாவாட்டப் போக வேண்டியதுதான்.

பஞ்சர் ஒட்ட நின்ற ஒரு டிரைவரிடம், டீ என்பதை இந்தியில் ஒரு சிகரெட் அட்டையில் எழுதி வாங்கினார் தனிஸ்லாஸ். அதைப் பார்த்துத் தகரத்தில் பெரிதாகப் பெயின்ட் அடித்து, தமிழ்ப் போர்டுக்குக் கீழே மாட்டினார். அடியில் ஒரு நீளக் கோடு, அதன் மேல் என்னமோ வளைவுகள். கோலம் மாதிரி அழகாகத்தான் இருந்தது. அப்போதும் எவனும் நிற்கவில்லை. சிலர் பார்த்துச் சிரித்துக்கொண்டே போனார்கள்.

கடைசியில் நின்றது ஒரு வெள்ளைக் கார். இறங்கியவர் வெள்ளைத்துரை அண்ணன். கட்சிக்காரர், உள்ளாட்சித் தேர்தலில் நிற்கிறார். முன்பெல்லாம் ஓட்டுக் கேட்பவர்கள் பழைய ரோட்டு முக்கில்தான் மைக் பிடிப்பார்கள். இப்போது அவர்களும் எங்களை மாதிரியே இடம் மாறிவிட்டார்கள்.

"என்ன தங்கச்சி இது, இந்தி போர்டு? கழட்டுங்க முதல்ல!"

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "தமிழ் மேலதானண்ணே இருக்கு? அம்புட்டு லாரி போகுது, ஒருத்தன் நிக்கல. நாங்க பொழைக்க வேணாமா?"

"பொழைக்க வேற வழியா இல்ல? இந்த லட்சணத்துல தலைகீழா வேற மாட்டி வச்சிருக்கீங்க!"

தனிஸ்லாஸ் போர்டைப் பார்த்தார். நான் அண்ணனைப் பார்த்தேன்.

"தலைகீழுன்னு உங்களுக்கு எப்படிண்ணே தெரியும்?"

காரில் அவர்கூட வந்த கட்சிக்காரர்கள் சிரிப்பை அடக்க வாயைப் பொத்திக்கொண்டார்கள். அண்ணன் தோள் துண்டைச் சரிசெய்தார்.

"கப்பலூர்ல எனக்கு வெங்காயக் குடோன் இருக்குல்ல? நாசிக்குல போயி கையைக் காட்டியா வெல பேச முடியும்?" என்றவருக்குக் குரல் இறங்கிவிட்டது. "எங்க தலையில திணிக்காதன்னுதான் சொல்றோம் தங்கச்சி. பொழப்புக்குப் பேசுறதை யாரு வேணாங்கறா?"

அவர் மேல் இருந்த கோபத்தில் பாதி அப்போதே போய்விட்டது. "அப்ப கழட்டவா, திருப்பி மாட்டவா?"

அண்ணன் ரோட்டின் இரண்டு பக்கமும் ஒரு பார்வை பார்த்தார். "தமிழ் மேல இருக்கணும், பெருசா இருக்கணும். இது கீழ இருந்துட்டுப் போகட்டும். ஆனா நேரா இருக்கட்டும்." சொன்னதோடு விடவில்லை. தனிஸ்லாஸ் ஏறிய ஸ்டூலை அவரே பிடித்துக்கொண்டார்.

அவர் கையில் டீ கொடுத்து நான் திரும்புவதற்குள் ஒரு பெரிய லாரி மூச்சு வாங்கிக்கொண்டு வந்து நின்றது. டிரைவரும் கிளீனரும் இறங்கினார்கள். டிரைவர் போர்டைக் காட்டி விழுந்து விழுந்து சிரித்தபடி கிளீனரிடம் இந்தியில் என்னவோ சொன்னார். எனக்கு ஒரு எழவும் புரியவில்லை. அண்ணன்தான் தமிழில் சொன்னார்.

"இந்த வழியா அடிக்கடி போறவராம். போர்டு கவுந்து தொங்குறதைப் பார்த்து, கடை நொடிச்சுப் போச்சுன்னு நெனைச்சுட்டாராம்."

நொடித்துப் போச்சாம்! எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்தே வந்தன. அவசரமாகக் கிளாஸைக் கழுவினேன். எப்படிக் கேட்பது என்று தெரியாமல் டிரைவரிடம் இரண்டு விரலைக் காட்டி முழித்தேன்.

அவர் பெஞ்சில் உட்கார்ந்து காலை நீட்டிக்கொண்டார்.

"ரெண்டு டீ அக்கா. சீனி கம்மி."

வெள்ளைத்துரை அண்ணனுக்குப் புரையேறிவிட்டது.