அதற்கு மணி இல்லை

கப்பல் ஆபீஸ் அதிகாரியின் முகத்தை நான் பார்த்ததே இல்லை. அவர் உள்ளறையில் இருப்பார். கவுண்ட்டரில் ஜம்புலிங்கம் நம் மனுவை வாங்கி உள்ளே அனுப்புவான். அவர் விசாரித்துவிட்டு மேஜை மணியைத் தட்டுவார். ஒரு தட்டு என்றால் இடம் உண்டு, இரண்டு என்றால் இல்லை. அந்த மகராசன் வாயைத் திறந்து பேச மாட்டார்.

என் வீட்டுக்காரர் சிவஞானத்துக்கு வயிற்றில் கட்டி. எங்கள் தீவிலிருந்து மெட்ராசுக்குக் கொண்டுபோய் உடனே ஆபரேஷன் செய்ய வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். கப்பலில் நோயாளிக்கென்று ஒரு பெர்த் வைத்திருப்பார்கள். அதிகாரி ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டுக் கேட்பார். டாக்டர் ஆமாம் என்றால் பெர்த் நமக்கு. இந்தக் கப்பலை விட்டால் அடுத்தது எப்போது வரும் என்று கடவுளுக்குத்தான் வெளிச்சம்.

எங்கள் ஊர் கராச்சர்மாவிலிருந்து முதல் பஸ்ஸில் போய்க் கவுண்ட்டரில் நின்றேன். அடைமழை. மனு உள்ளே போனது. டிங், டிங்.

"சாப் நஹீன்னுட்டாரும்மா," என்றான் ஜம்புலிங்கம்.

"ஏனாம்?"

"எனக்கென்ன தெரியும்? ரெண்டு தட்டுனா நஹீதான். நகருங்க, பின்னாடி ஆளு நிக்குது."

டாக்டரே கைவிரித்துவிட்டார் என்று நினைத்துக்கொண்டேன். இனிப் பிழைக்க மாட்டார் என்று தெரிந்துதானே மறுத்திருப்பார்? குழாயடியில் என் வாய்க்குப் பயப்படாத பொம்பளை கிடையாது. அன்றைக்கு அந்த வாய் எங்கே போயிற்றோ! பேசாமல் வீடு திரும்பி, "இல்லையாம்" என்றேன். "சரி விடு மீனா," என்று அவர் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தார். கப்பல் போயிற்று. கொஞ்ச நாளில் அவரும் போய்ச் சேர்ந்தார்.

காரியம் முடிந்த பிறகு டாக்டரை வழியில் பார்த்தேன். "ஏம்மா அவரைக் கப்பல்ல ஏத்தலை? அன்னிக்கு மழையில போன் லைன் செத்துக் கிடந்துச்சு. நீங்க ஒரு எட்டு வந்திருந்தா கையெழுத்துப் போட்டுக் குடுத்திருப்பேனே," என்றார்.

ஒரு எட்டு! கப்பல் ஆபீஸிலிருந்து ஆஸ்பத்திரி கூப்பிடு தூரம். ஐயோ, நான் ஓடியே போயிருப்பேனே. நேரே ஜம்புலிங்கத்திடம் போனேன்.

"அன்னிக்கு சிவஞானம் மனுவுக்கு ரெண்டு தட்டுனாரே, லைன் இல்லேன்னு ஒரு வார்த்தை சொன்னா என்ன கொறைஞ்சு போயிருக்கும்?"

அவன் காகிதத்திலிருந்து தலையைத் தூக்கவில்லை. "எனக்கே தெரியாதும்மா. விசாரிக்க முடியலேன்னாலும் ரெண்டுதான் தட்டுவாரு. அதுக்குன்னு தனி மணி இல்லையே. இருங்க, மனு இங்கதான் இருக்கு. இப்போ லைன் டீக் ஆயிடுச்சு, போன் பேசலாம்."

நான் பதில் சொல்வதற்குள் மனு உள்ளே போய்விட்டது. போனில் அதிகாரியின் குரல் கேட்டது. "டாக்டர் எழுதி வெச்சிருக்காரா? அச்சா, அச்சா."

டிங்.

இன்னொன்றுக்காகக் காத்திருந்தேன். வரவில்லை.

"அடுத்த கப்பல்ல பெர்த் கெடச்சிருச்சும்மா!" ஜம்புலிங்கத்துக்கு உண்மையிலேயே சந்தோஷம். "போய் அவரைக் கூட்டிட்டு வாங்க."

"எங்கேருந்துடா கூட்டிட்டு வர?" என்று உள்ளறைக்கும் கேட்கும்படி கத்தினேன். "எங்கேருந்துடா?"

உள்ளே மணி எதுவும் அடிக்கவில்லை.