மூணாம் நம்பர் பாட்டில்

கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் தையல்காரர் தன் மனைவியின் கேமராவுக்கு முன்னால் ஒழுங்காக உட்கார்ந்ததே கிடையாது. "என் மூஞ்சியைப் பார்த்தா உன் பெட்டியோட கண்ணாடி விரிஞ்சிடும்" என்று நழுவிவிடுவார். பெட்டி என்று அவர் சொன்னதும் பொய்யில்லை. துருத்தி வைத்து, கறுப்புத் துணியைத் தலையில் போர்த்திக்கொண்டு எடுக்கிற பெரிய கேமரா அது. ஃபிலிம் சுருளாக இருக்காது, உள்ளங்கை அகலத்துக்குத் தனித்தனித் தாளாக இருக்கும். நாள் முழுக்க ஐடி கார்டுக்குப் படம் எடுத்துப் பிழைக்கிற போட்டோக்காரிக்கு அது ஒன்றுதான் ஆசை. தெருவில் அதைக் கிறுக்கு என்பார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும்.

இன்று காலையில் அவராகவே ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தார். நாளைக்கு அவருடைய இடது கண்ணை எடுக்கப்போகிறார்கள். உள்ளே கட்டி. கதிர் சிகிச்சை கொடுத்துக் கண்ணைக் காப்பாற்றப் பார்க்கலாம், ஆனால் மாதக்கணக்கில் இழுக்கும்; வலது கண் நன்றாக இருப்பதால் எடுத்துவிட்டாலும் சமாளித்துக்கொள்ளலாம் என்று டாக்டர் இரண்டு வழி சொன்னார். இவர் யோசிக்கவே இல்லை. "எடுத்துடுங்க டாக்டர். ஊசியில நூல் கோக்க ஒத்தக் கண்ணு தாராளம்" என்று சிரித்தார். அவளும் தலையாட்டினாள். தலையாட்டினாளே தவிர, அன்றிலிருந்து அவளுக்கு ஒரு வாய் சாப்பாடு இறங்கவில்லை. இரண்டு கண்ணோடும் அவருக்கு ஒரு நல்ல படம் வேண்டும், அது மட்டும்தான் அவள் கேட்டது.

இரண்டு தாள் எடுத்தாள். உடனே கழுவிப் பார்த்துவிட வேண்டும். சரியில்லையென்றால் வெளிச்சம் போவதற்குள் இன்னொரு தரம் எடுக்கலாம்.

கழுவுவதெல்லாம் வீட்டுக் குளியலறையில்தான். ஜன்னலுக்குக் கறுப்புத் துணி, கதவிடுக்குக்குத் துண்டு. தண்ணீர்க் குழாய் விற்கிற கடையில் வாங்கி அறுத்த கறுப்புக் குழாய்கள், ஒவ்வொன்றுக்கும் ஆழமான திருகு மூடி. மூடியில் முதல் மருந்தை ஊற்றி வைத்துவிட்டு, விளக்கை அணைத்து, ஃபிலிமை வளைத்துக் குழாய்க்குள் விட்டு, மூடியோடு சேர்த்துத் திருக வேண்டும். அப்புறம் விளக்கைப் போட்டுக்கொண்டு குழாயைத் தண்ணீரில் படுக்கவைத்து உருட்டிக்கொண்டே இருக்கலாம். முதல் மருந்து படத்தை வரவழைக்கும், அடுத்தது நிறுத்தும், மூன்றாவது மிச்சத்தைக் கரைத்துப் படத்தை நிலைக்க வைக்கும். மூன்றாவதை முதலில் ஊற்றினால் தீர்ந்தது கதை, படம் வருவதற்கு முன்னாலேயே எல்லாம் கரைந்து போய்விடும். அதனால்தான் பாட்டில்களில் 1, 2, 3 என்று பட்டை பட்டையாக எழுதி ஒட்டியிருந்தாள்.

"தள்ளு, நான் ஊத்தறேன். நாளையிலேருந்து என்னை உட்கார வெச்சு நீதானே எல்லாம் செய்யப்போற" என்றார்.

"ஒண்ணாம் நம்பர் பாட்டிலுங்க. சிந்தாம ஊத்துங்க" என்று சொல்லிவிட்டு அவள் திரும்பி ஃபிலிமை எடுத்து வைத்தாள். அவர் இரண்டு மூடியிலும் ஊற்றி வைத்தார்.

இருட்டில் இரண்டையும் போட்டுத் திருகினாள். விளக்கு வந்ததும் ஆளுக்கொரு குழாயாக உருட்டினார்கள். கொஞ்ச நேரத்தில் அவர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு முன்னறைக்குப் போய்விட்டார்.

நேரம் முடிந்து முதல் குழாயைத் திறந்தாள். தூக்கிவாரிப் போட்டது. முதல் மருந்திலிருந்து வருகிற ஃபிலிம் பால் கலந்த மாதிரி மங்கலாக இருக்கும். இதுவோ கண்ணாடி மாதிரி இருந்தது, ஒரு நிழல் கூட இல்லை. அடுத்த குழாயும் அதே கதிதான். பாட்டில்களைப் பார்த்தாள். ஒன்றாம் நம்பர் கழுத்துவரை அப்படியே இருந்தது. மூன்றாம் நம்பர்தான் குறைந்திருந்தது. ராத்திரியெல்லாம் அழுது மூக்கு அடைத்துக் கிடந்தது, இல்லையென்றால் மூன்றாம் மருந்தின் புளித்த வாடையே காட்டிக் கொடுத்திருக்கும்.

'ஒரு நம்பரைப் பார்த்து ஊத்தத் துப்பில்லையா இந்த மனுஷனுக்கு!' வாய்வரை வந்துவிட்டது. வந்தது அங்கேயே நின்றது. போன வாரம் வெள்ளைச் சட்டைக்குக் கறுப்பு நூல் போட்டுத் தைத்துவிட்டு, "புது ஃபேஷன்" என்றார். இவளும் விழுந்து விழுந்து சிரித்தாள். அதற்கு முன்னால் டம்ளருக்கு வெளியே டீயை ஊற்றினார், கை நடுங்குதாம். எல்லாவற்றையும் எவ்வளவு அழகாகப் பூசி மெழுகியிருக்கிறார்!

ஈர ஃபிலிமை எடுத்துக்கொண்டு முன்னறைக்குப் போனாள்.

"என்ன, வந்துடுச்சா?"

"நீங்களே பாருங்க."

அவர் அதை ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்தார். ஜன்னலோரம் நின்ற அவளுக்கு ஃபிலிம் வழியாக அவர் முகம் முழுசாகத் தெரிந்தது. தலையை இப்படியும் அப்படியும் சாய்த்தார்.

"அடேயப்பா! சும்மா சொல்லக் கூடாது, அசத்திட்ட போ. ரெண்டு கண்ணும் பளிச்சுனு விழுந்திருக்கு."

"அதுல ஒண்ணுமே இல்லீங்க. வெறும் ஃபிலிம்."

அவர் கை இறங்கியது.

"எத்தனை நாளா?"

"நாளு என்ன நாளு, சில மாசம் இருக்கும்."

"ஆஸ்பத்திரியில எழுத்தையெல்லாம் கடகடன்னு படிச்சீங்களே!"

"எனக்கு முன்னாடி உட்கார்ந்தவர் சத்தமா படிச்சாரு. கேட்டு மனப்பாடம் பண்ணிட்டேன். அவங்க விளக்கடிச்சு விளக்கடிச்சுப் பார்த்ததெல்லாம் இடது கண்ணைத்தானே. வலது கண்ணுக்கு அந்த எழுத்தோட சரி."

"அறிவிருக்கா உங்களுக்கு? எதுக்குங்க இப்படிப் பண்ணீங்க?" அவர் தோளில் இரண்டு அடி போட்டாள். போட்டுவிட்டு அந்தத் தோளையே பிடித்துக்கொண்டு அழுதாள்.

"ஒண்ணாவது நல்லாருக்குன்னு நீ நினைச்சா தைரியமா இருப்பேன்னுதான்... ரெண்டும் இல்லாதவனை உன் தலையில கட்டிட்டேனேன்னு..." என்று இழுத்தார். "உண்மையைச் சொல்ல எனக்குப் பயமா இருந்துச்சு. அவ்வளவுதான்."

"இந்த வலது கண்ணுல ஒண்ணுமே தெரியலையா?"

"வெளிச்சம் தெரியும். நீ நிக்கிறது, நடக்கிறது, ஏதோ மங்கலா தெரியறதெல்லாம் அந்தக் கட்டிக் கண்ணுலதான்."

போனைத் தேடி எடுத்தாள். "வேண்டாம், மாசக்கணக்குல இழுத்துக் கட்டி பரவிட்டா என்ன பண்ணுவ?" என்று அவர் கையை நீட்டித் தடுக்கப் பார்த்தார். நீட்டின கை அவள் இருந்த இடத்துக்கு ஒரு முழம் தள்ளிப் போனது. அவள் அந்தக் கையைப் பிடித்துத் தன் தோளில் வைத்துக்கொண்டாள். மறுமுனையில் குரல் கேட்டது.

"டாக்டர், நாளைக்கு அந்தக் கண்ணை எடுத்துடாதீங்க. இவருக்குக் கொஞ்சமாவது தெரியறதே அந்தக் கண்ணுலதான்."