அக்கா அடுக்கிய கீபோர்டு

1

இந்தக் கதை பிறந்ததற்குக் காரணம் கற்பனை இல்லை, மாவு. நான் எழுதிக்கொண்டிருக்கும் இந்த கீபோர்டில், பேக்ஸ்பேஸ் விசைக்கு அடியில் பட்டாணி அளவு மைதா மாவு காய்ந்து ஒட்டியிருக்கிறது. அமுக்கினால் விசை உள்ளே போகும், சீக்கிரம் திரும்பி வராது. ஒரு எழுத்தை அழிக்கப் போனால் பாரா முழுக்கத் தின்றுவிட்டு மேல் பாராவுக்கு ஏறும். அதனால் நான் எதையும் அழிப்பதில்லை. தப்பு வந்தால் அடைப்புக்குறி போட்டுவிட்டு நகர்ந்துவிடுகிறேன். கீழே அரைகுறை வாக்கியங்களைப் பார்த்தால் புதுமை என்று நினைக்க வேண்டாம். வேறு வழி இல்லை.*

* டெலீட் விசை இருக்குமே என்பீர்கள். அது பாத்திரம் கழுவும் தொட்டியின் ஓட்டை வழியாகப் போய்விட்டது. மவுஸைப் பற்றிப் பேச்செடுக்காதீர்கள்.

2

முதலில் இப்படித் தொடங்கினேன்:

(மாலை வெளிச்சம் ஜன்னல் வழியே கசிந்து, கீபோர்டின் மேல் ஒரு பழைய துக்கத்தைப் போல)

துக்கமெல்லாம் இல்லை. அதன் மேல் இருந்தது பிஸ்கட் தூள்.

(மூன்று வருட இரவுகளை அவன் விரல்கள்)

விரல்களும் வேண்டாம். நேராகவே சொல்கிறேன்.

அவன் மூன்று வருடம் இரவு ஷிப்டில் யார் யாருடைய புகார்களையோ டைப் அடித்தான். அக்கா வீட்டு ஹாலில் உட்கார்ந்துதான் வேலை. கீபோர்டு மட்டும் கம்பெனியுடையது. ஒருநாள் வேலைக்கு நடுவில் தண்ணீர் குடிக்க எழுந்தவன், குடித்துவிட்டு நாற்காலிக்குப் போகாமல் சோபாவில் போய்ப் படுத்துக்கொண்டான். கம்பெனிக்குத் தகவல் சொன்னதே பத்து நாள் கழித்து.

அக்கா மருந்துக்கடையில் வேலை பார்ப்பவள். கடைக்கு வரும் பல் டாக்டரைப் பிடித்துத் தம்பிக்கு ஒரு பகல் வேலைக்கு ஏற்பாடு செய்தாள். முன்மேசையில் உட்கார்ந்து நோயாளிகளின் பெயரைப் பதிய வேண்டும். டாக்டர் கேட்டது ஒன்றுதான்: பழைய கம்பெனியின் விடுவிப்புக் கடிதம் திங்கட்கிழமை காலை மேசையில் இருக்க வேண்டும். கம்பெனி கேட்டதும் ஒன்றுதான்: கீபோர்டு வெள்ளிக்கிழமை மாலை ஐந்தரைக்குள் ‘நல்ல நிலையில்’ ஸ்டோருக்கு வந்து சேர வேண்டும். கீபோர்டு இல்லாமல் கடிதம் இல்லை, கடிதம் இல்லாமல் வேலை இல்லை, வேலை இல்லாமல் இனி சோபா இல்லை. கடைசியாகச் சொன்னது அக்காவின் நிபந்தனை.

3

மச்சான், அதாவது அக்காவின் கணவர், பேக்கரியில் மாவு பிசைகிறவர். வல்லவனுக்குப் புல்லும் ஆயுதம் என்பார்கள். மச்சானுக்குப் புல்லெல்லாம் வேண்டாம், மாவு போதும். கதவு கிறீச்சிட்டாலும் ஒரு உருண்டையோடுதான் போய் நிற்பார். வியாழக்கிழமை காலை வேலை முடிந்து வந்தவர், கீபோர்டைத் தலைகீழாகப் பிடித்து முதுகில் நாலு தட்டுத் தட்டினார். பிஸ்கட் தூள், நகத்துண்டு, புருவ முடி, ஸ்டேப்ளர் ஊசி, கிணறு வெட்டப் பூதம் கிளம்பிய கணக்காக ஒரு பல்லி வால். கடைசியாக நான்கு பாதி மாத்திரைகள். அக்கா மாத்திரைகளை மட்டும் பொறுக்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.

“தலைவலி மாத்திரை. பாதி பாதியா சாப்பிட யாருடா சொன்னது?”

“முழுசா சாப்பிட்டா தூக்கம் வருது.”

“காலாவதி ஆயிடுச்சு” என்று சொல்லிவிட்டுக் குப்பையில் போட்டாள். மாத்திரையைத்தான்.

(இந்த இடத்தில் அக்காவின் கண்கள் லேசாகக்)

கலங்கவில்லை. அவள் அப்படிப்பட்டவள் இல்லை.

மச்சான் மைதாவைப் பிசைந்து கீபோர்டின் மேல் பரப்பி அமுக்கினார். “அமுக்கி உரிச்சா அழுக்கெல்லாம் மாவோட வந்துரும் மாப்ள. கேக் தட்டையெல்லாம் நான் இப்படித்தான் துடைக்கிறேன்” என்றார். அன்றிலிருந்து அந்த பேக்கரி கேக்கை வீட்டில் யாரும் தொடுவதில்லை. ஆனால் உண்மையைச் சொல்ல வேண்டும்: அழுக்கு வந்தது. மாவு கறுத்துப்போய் உரிந்தது. உரியாத மாவு விசைகளுக்கு இடையில் தங்கிவிட்டது. அதைக் காயவைத்து உதிர்க்கலாம் என்று தலைமுடி உலர்த்தும் கருவியை எடுத்துச் சூடாக ஊதினார். மாவு உதிரவில்லை, வெந்தது. வீடு முழுக்க ரொட்டி வாசனை. மச்சானே இரண்டு நிமிடம் கண்ணை மூடி முகர்ந்துவிட்டு, “இன்னும் கொஞ்சம் சிவக்கணும்” என்றார்.

“ரெண்டு பேரும் தள்ளுங்க” என்றாள் அக்கா.

கரண்டிக் காம்பால் ஒவ்வொரு விசையாக நெம்பி எடுத்தாள். வெந்து ஒட்டிப்போன பேக்ஸ்பேஸ் மட்டும் அசையவில்லை. மற்றதையெல்லாம் வடிகட்டியில் போட்டு ஷாம்பு தண்ணீரில் அலசினாள்; டெலீட் தொலைந்தது அப்போதுதான். காது குடையும் பஞ்சுக் குச்சியை, கடையிலிருந்து கொண்டுவந்த ஸ்பிரிட்டில் முக்கி, சந்து சந்தாகத் துடைத்தாள். மீதியைப் பழைய பல்துலக்கியால் தேய்த்தாள். பழையது என்று அவளாக முடிவு செய்துகொண்டாள். மறுநாள் காலை வரை அது மச்சானுக்குத் தெரியாது. விசைகளை மொட்டைமாடியில் துண்டு விரித்துக் காயவைத்து, ஹாலுக்குக் கொண்டுவந்து ஒவ்வொன்றாகப் பொருத்தினாள்.

அவன் சோபாவில் தூங்கிக்கொண்டிருந்தான். பகலில் தூங்குவது ஒன்றுதான் அந்த வேலையில் அவன் ஒழுங்காகக் கற்றுக்கொண்ட தொழில்.

4

இங்கே எனக்கே அக்காவின் மேல் ஒரு சந்தேகம் வருகிறது. இந்தக் காலத்தில் கீபோர்டைத் தொட்டே அறியாத ஒருத்தி இருப்பாளா? வாசகர் நம்புவாரா?

யோசித்துப் பார்த்தேன். இருப்பாள். கடையில் பில் போடுவது முதலாளியின் மருமகள். கம்ப்யூட்டர் பக்கம் வேறு யாரையும் விடமாட்டாள். அக்காவின் ராஜ்ஜியம் அலமாரி. ஏ முதல் இசட் வரை மூவாயிரம் மருந்து, கண்ணைக் கட்டிவிட்டாலும் எடுப்பாள். செல்போனிலும் டைப் அடிக்கிற பழக்கம் இல்லை, பேசித்தான் அனுப்புவாள். விசைகளைக் கழற்றும்போது கவனித்திருக்கிறாள்: எழுத்துகள் கன்னாபின்னாவென்று கிடந்தன. இது தம்பியின் லட்சணம் என்று முடிவு கட்டினாள். அவன் துணி அலமாரியைப் பார்த்த யாரும் அந்த முடிவுக்குத்தான் வருவார்கள்.

ஏ, பி, சி, டி என்று இடமிருந்து வலமாக, மூன்று வரிசையும் சீராக அடுக்கினாள். பார்க்க அழகாகத்தான் இருந்தது.

அவன் எழுந்து சோதித்துப் பார்த்தான். மூன்று வருடம் விளக்கைக் குறைத்துவிட்டு வேலை பார்த்தவன். கண் திரையில்தான் இருக்கும், விசையில் எழுத்து அச்சடித்திருப்பதே மறந்துபோயிருந்தது. விரல்கள் பழைய தடத்தில் ஓடின. விசையின் மூடிதானே இடம் மாறியிருக்கிறது, அடியில் எல்லாம் அப்படியேதான். திரையில் எல்லாம் சரியாக வந்தது. ஆள்காட்டி விரல்களுக்கு அடியில் வழக்கமாகத் தட்டுப்படும் சிறு மேடுகள் மட்டும் இல்லை. அக்கா தேய்த்த தேய்ப்பில் போயிருக்கும் என்று நினைத்துக்கொண்டான்.

5

ஸ்டோர் என்பது அடித்தளத்தில் ஒரு நீள அறை. உடைந்த நாற்காலிகள், பாம்புக் குட்டிகள் போல ஒயர்கள். அங்கே ஒரு ஸ்டோர் சார். (இவரை வில்லனாக்க நினைத்தேன். முகம் ஒத்துழைக்கவில்லை.) இருபது வருடமாக அவருக்கு ஒரு நியமம்: திரும்பி வரும் பொருளை அவரே பயன்படுத்திப் பார்ப்பார். நாற்காலி வந்தால் உட்கார்ந்து சாய்வார். கீபோர்டு வந்தால், அதை மாட்டி அதிலேயே அந்த ஆளின் விடுவிப்புக் கடிதத்தை அடிப்பார். கடிதம் வந்தால் கீபோர்டு நன்றாக இருக்கிறது. கையோடு கையெழுத்து, முத்திரை.

வெள்ளி மாலை ஐந்து மணிக்கு அவன் போய் நின்றான். நம்பிக்கை இல்லாததால் அக்காவும் கூடவே வந்திருந்தாள். ஸ்டோர் சார் கீபோர்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார், முகர்ந்தும் பார்த்தார். ஏதோ பன் வாசனை வருகிறதே என்றார். இவ்வளவு சுத்தமாக இதுவரை யாரும் கொடுத்ததில்லை என்றும் சொன்னார். அக்கா முந்தானையைச் சரிசெய்துகொண்டு நிமிர்ந்து நின்றாள்.

அவர் இரண்டு விரலால், கோழி தீனி பொறுக்குவது போல, ஒவ்வொரு எழுத்தாகத் தேடி அடிக்கிறவர். ‘To’ என்று தொடங்க டி அடித்தார், ஓ அடித்தார். திரையில் இசட்டும் ஜியும் வந்தன. அழிக்கலாம் என்று பேக்ஸ்பேஸை அமுக்கினார். அது இரண்டு எழுத்தையும் தின்று, மேலே இருந்த கம்பெனி முகவரியையும் பெயரையும் தின்றுவிட்டுத்தான் நின்றது. தின்ன வேறு எதுவும் இல்லை.

ஸ்டோர் சார் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, விசைகளின் மேல் விரலை ஓட்டி ஏ, பி, சி என்று இசட் வரை வாசித்துவிட்டு நிமிர்ந்தார்.

“யாரு இப்படி வெச்சது?”

“நான்தான் சார்” என்றாள் அக்கா. “ரொம்பக் கலைஞ்சு கிடந்துச்சு.”

“அது அப்படித்தாம்மா இருக்கும்.”

“அப்படி இருந்தா எந்த எழுத்து எங்க இருக்குன்னு எப்படி சார் கண்டுபிடிப்பீங்க?”

ஸ்டோர் சார் மறுபடி விசைகளைப் பார்த்தார். இருபது வருடமாக அவர் தேடிக்கொண்டுதான் இருக்கிறார்.

அவன் அப்போதுதான் குனிந்து பார்த்தான். மூன்று வருடத்தில் முதல் தடவையாகத் தன் கீபோர்டைப் பார்த்தான். மணி ஐந்து பதினைந்து. பிரித்து மாட்ட நேரமும் இல்லை, கரண்டியும் இல்லை. தானே அடித்துத் தருவதாகச் சொன்னான். ஸ்டோர் சார் கொஞ்சம் யோசித்துவிட்டு, கடிதம் இந்த கீபோர்டில் வர வேண்டும் என்பதுதான் விதி, யார் அடிப்பது என்று விதியில் இல்லை என்றார்.

அவர் சொல்லச் சொல்ல, அவன் விசையைப் பார்க்காமல் அடித்தான். கம்பெனி பெயர், முகவரி, தேதி, பணியாளர் எண். நடத்தை: திருப்திகரம். கடைசி வரியில் நிறுத்தினான். வேலையை விட்ட காரணம்.

“அத நான் எப்படிப்பா சொல்றது? நீயே போட்டுக்கோ” என்றார் ஸ்டோர் சார். “ஆனா அந்த மூலைப் பட்டனைத் தொட்டுடாத. முதல்லேர்ந்து அடிக்க நேரம் கிடையாது. அஞ்சரைக்குப் பூட்டிடுவேன்.”

“சொந்தக் காரணம்னு போடுடா” என்று பின்னாலிருந்து அக்கா கிசுகிசுத்தாள். “எல்லாரும் அதான் போடுவாங்க.”

6

முதல் முடிவு: அக்கா சொன்னதையே அடித்தான். கையெழுத்து, முத்திரை. வெளியே வந்து அக்கா டீ வாங்கிக் கொடுத்தாள். குற்றம் சொல்ல முடியாத முடிவு. எழுதும்போதே எனக்குக் கொட்டாவி வந்தது.

இரண்டாவது: உள்ளதை அடித்தான். (தண்ணீர் குடிக்க எழுந்தேன். திரும்பி உட்காரத் தோன்றவில்லை.) ஸ்டோர் சார் இரண்டு தடவை படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். ஆனால் பல் டாக்டர் இதைப் படித்துவிட்டு இவனை நம்பி முன்மேசையில் உட்காரவைப்பாரா? அவர் க்ளினிக்கிலும் தண்ணீர் இருக்கிறது.

மூன்றாவது: ஒன்றும் அடிக்காமல் அந்த மூலைப் பட்டனை அமுக்கினான். எல்லாம் போயிற்று. இது எனக்குப் பிடித்த முடிவு, ஆகவே வேண்டாம். அக்காவின் முகத்தை எழுத வேண்டிவரும்.

கீபோர்டு என் மேசையில் இருக்கிறது என்பது தடயம் ஆகாது. ஸ்டோர் சார் வாங்க மறுத்தும் இருக்கலாம். கடிதத்தைக் கொடுத்துவிட்டு, இந்த அழகு எனக்கு வேண்டாம் என்று திருப்பித் தந்தும் இருக்கலாம்.

மணி ஐந்து இருபத்தேழு. ஸ்டோர் சார் சாவிக்கொத்தைக் கையில் எடுத்துவிட்டார். அக்காவின் மூச்சு என் கழுத்தில் (அவன் கழுத்தில்) படுகிறது.

அழிக்க முடியாது என்று முதலிலேயே சொன்னேன்.

கீபோர்டை உங்கள் பக்கம் நகர்த்துகிறேன். எழுத்தைப் பார்த்து அடிக்காதீர்கள். விரல் போகிற இடத்துக்குப் போகட்டும். மேல் வரிசையில், வலது ஓரம், ரொட்டி வாசனை வருகிற விசையை மட்டும் தொட வேண்டாம்.

வேலையை விட்ட காரணம்: