பக்குவமாய்ச் சொல்லுங்கோ

...பஸ்சிலேயே சொல்லியிருக்கலாம், பாரிசிலை, லா சப்பலிலை ஏறேக்கையே, இல்லை, அதுவும் சரிவராது, ஐம்பது பேருக்கு முன்னாலை வள்ளியக்கா நெஞ்சிலடிச்சு அழ, சுற்றுலா கூட்டிவந்த சங்கக்காரர் பஸ்சைத் திருப்ப, பிள்ளையளின்ரை ஞாயிற்றுக்கிழமையும் பாழாய்ப்போக... பின்னேரம் வீட்டை போய்ச் சொல்லுவம் என்று யோகராணி நாலாவது தடவையாக முடிவெடுத்தாள். வியாழக்கிழமை வந்த நீலக் கடிதம் கைப்பைக்குள் கிடந்தது. எழுதினது வள்ளியக்காவின் தம்பி பெண்சாதி, ஆனால் எழுதினது வள்ளியக்காவுக்கு இல்லை, யோகராணிக்கு. மாமா இரண்டாம் திகதி காலமை கோப்பி குடிச்சுக்கொண்டிருக்கேக்கை நெஞ்சைப் பிடிச்சவர், ஊரடங்கு, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக ஏலாமல் போச்சு, எட்டும் முடிஞ்சுது, மச்சாளுக்கு நேரை எழுதக் கை வரேல்லை, நீங்கள் ஒரு வீட்டிலை இருக்கிறியள், பார்த்துப் பக்குவமாய்ச் சொல்லுங்கோ... நல்ல கதை. பக்குவமாம். பக்குவம் என்ன மிளகாய்த்தூளோ, வறுத்து இடிச்சுப் பார்சலிலை அனுப்ப? ஒரு வீடுதான், ஓம், இரண்டு குடும்பத்துக்கு இரண்டு அறை, ஒரு குசினி, ஒரே அடுப்பு, ஒபர்வில்லியேயிலை ஒரே தையல்கடை, பக்கத்துப் பக்கத்து மெசின். அதுக்காக ஒருத்தியின்ரை தேப்பன் செத்ததை இன்னொருத்தியின்ரை தலையிலை கட்டிவிடுறதோ?

“வாங்க, எல்லாரும் கிட்ட வாங்க,” என்றாள் மர்கரீத். பாண்டிச்சேரிக்காரி, மெரியிலை, நகரசபையிலை, வேலை, மாளிகையைக் காட்டுகிற வெள்ளைக்காரி சொல்லச்சொல்ல இவள் தமிழில் சொல்லிக்கொண்டு வந்தாள். ஒரு இங்கிலீசுக்காரப் பிரபு வாங்கி, தன் ஊரிலிருந்து கட்டில் கதிரையெல்லாம் கப்பலில் இறக்கி வாழ்ந்த மாளிகையாம், பிள்ளை குட்டி இல்லையாம். பலகைத் தரையில் கீறல் விழக்கூடாதென்று எல்லாருக்கும் சப்பாத்துக்கு மேலே போடக் கம்பளித்துணியில் செருப்புக் கொடுத்திருந்தார்கள், நடந்தால் சத்தமில்லை, ஒரு இழுபடுகிற சரசரப்பு மட்டும். சாப்பாட்டு மேசையில் இருபத்திநாலு கோப்பை, இருபத்திநாலு கரண்டி, துடைச்சு வைச்சிருக்கிறாங்கள், ஆர் வந்து சாப்பிட? செத்துப்போன ஆக்களுக்கு இவ்வளவு கதிரை, உயிரோடை இருக்கிற எங்களுக்கு இரண்டு அறை... யோகராணிக்குச் சிரிப்பு வரப் பார்த்தது, வரவில்லை. பின்னால் ஒரு சரசரப்பு, நின்றால் நின்றது, நடந்தால் நடந்தது, வள்ளியக்காவின்ரை ஐயா, கொடிகாமத்து ஸ்டேசன் மாஸ்டர், கம்பளிச் செருப்போடை வாறாரோ? ஒருநாளும் நேரில் கண்டிராத மனுசன், வள்ளியக்காவின் அறையில் படமாய்ப் பார்த்த மீசை, வியாழனிலிருந்து மெசினடியிலும் மெட்ரோவிலும் பக்கத்தில் வந்து குந்துகிறார், சொல்லிப்போட்டியோ பிள்ளை, சொல்லிப்போட்டியோ... திரும்பிப் பார்த்தாள். காவல்காரன்தான், யாரும் எதையும் தொடாமல் பார்க்கிறவன்.

“எங்கடை ஐயா இதைக் கண்டிருக்கவேணும்,” என்றாள் வள்ளியக்கா, கணப்புக்கு மேலிருந்த பொன்முலாம் மணிக்கூட்டைப் பார்த்து, அது பத்தேகாலில் நின்றுபோயிருந்தது. “ஏசிப்போட்டுத்தான் அங்காலை போவார். வாற வருசம் விசா எடுத்துக் கூப்பிடவேணும், என்ன?” ஓம் என்றாள் யோகராணி. வியாழனிலிருந்து எத்தனை ஓம், ஒவ்வொரு ஓமுக்கும் அந்த மனுசன் எழும்பி நடந்து வந்து இவள் வாயைப் பார்க்கிறார். வள்ளியக்கா சந்தோசமாய் இருக்கிறாவே, இந்தச் சந்தோசத்தைக் கெடுக்க எனக்கென்ன உரிமை, அல்லது இதை நீட்டி வைக்கத்தான் என்ன உரிமை? பஸ்சில் யன்னல் பக்கத்தை அவவுக்கு விட்டாள், பெரிய ரொட்டியை அவவுக்கு வைத்தாள், நேற்று அவவின் சட்டி பானையையும் சேர்த்துக் கழுவினாள். வெள்ளிக்கிழமை பிள்ளையார் கோயிலுக்கு வெளிக்கிட்ட ஆளைத் தலையிடி என்று பொய் சொல்லி மறித்தாளே, சாவுத் துடக்கோடை எப்படிக் கோயிலுக்கு விடுவது? அறியாமல் போனால் பாவமில்லை, சரி, ஆனால் நான் அறிஞ்சிட்டனே, அறிஞ்சு விட்டால் பாவம் ஆருக்கு? இப்படி நல்லவளாய் நடந்து நடந்தே அவளுக்குக் களைத்துப் போயிற்று.

தோட்டத்துக்குள் இறங்கினதும் மர்கரீத் மரங்களுக்கிடையில் இருந்த சின்னக் கல்லுக்கட்டடத்தைக் காட்டி, “இது அவங்க குடும்பத்து ஷப்பேல், சின்னக் கோயில், செத்தவங்களை உள்ளதான் வச்சிருக்காங்க, வாங்க,” என்றாள். யோகராணி வள்ளியக்காவின் பக்கம் திரும்பினாள். மாதாவோ பிள்ளையாரோ, சாமி இருக்கிற இடம் சாமி இருக்கிற இடம்தான், வள்ளியக்காவை உள்ளே விடக்கூடாது, என்ன சொல்லி மறிக்கலாம், தலைசுத்து, கால்நோவு... வாயைத் திறக்க முதல் மணிக்கட்டில் ஒரு பிடி விழுந்தது. “நீ உள்ளை போகாதை யோகா. இதிலை இருப்பம்,” என்றாள் வள்ளியக்கா. ஏன் அக்கா? “உள்ளை குளிரும். உனக்குத் தடிமன் வரும்.” ஆனி மாதத்து வெயில், கழுத்தெல்லாம் வேர்வை, தடிமனாம். மற்றவர்கள் உள்ளே போய்விட்டார்கள். இரண்டு பேரும் வாங்கில் இருந்தார்கள். பிடி விடவில்லை.

போன வெள்ளிக்கிழமை மறித்தது நான், அதுக்கு முந்தின வெள்ளி? கோயிலிலை சனமாயிருக்கும், பிறகு பார்ப்பம் என்றது ஆர்? அதுக்கும் முந்தி, வயித்துக்குத்து என்று படுத்து, துணைக்கு இரு என்று என்னை மறிச்சது ஆர்? இரண்டு மூன்று கிழமையாய் என் தலைக்கு எண்ணெய் வைக்கிறதும், தும்புக்கட்டையைப் பறிச்சு வீடு கூட்டுறதும், மீன்துண்டு எனக்குப் பெரிசாய் விழுகிறதும்... பட்சம் என்றல்லோ நினைச்சிருந்தன். அம்மாவின் கடைசிக் கடிதம் சித்திரையில் வந்தது. அம்மாவுக்கு, அங்கையிருக்கிற எல்லாருக்கும், வள்ளிநாயகி என்ற பேர் தெரியும், நான்தானே எழுதினேன், வள்ளியக்கா எண்டு ஒரு ஆள், தங்கச்சி மாதிரிப் பார்க்கிறா எண்டு. நேரை எழுதக் கை வராத ஆக்கள் அவையளுக்குள்ளையும் இருப்பினம்தானே? சீ, என்ன நினைப்பு, அவவுக்கு முழங்கால் நோ, நடக்கப் பஞ்சி, அவ்வளவுதானாக்கும்...

“அக்கா,” என்றாள், “எங்கடை வீட்டிலை இருந்து உங்களுக்குக் கடிதம்...”

வள்ளியக்கா இவள் முகத்தைப் பார்க்கவில்லை. பையிலிருந்த தோடம்பழத்தை எடுத்து, தோலை உரித்து, நாரெல்லாம் களைந்து, முழுப்பழத்தையும் இவள் கையில் வைத்தாள், தனக்கென்று ஒரு சுளைகூட எடுக்கவில்லை. “முதல்லை இதைச் சாப்பிடு,” என்றாள். கேட்டால் சொல்லிப்போடுவா. யோகராணி ஒரு சுளையை வாயில் போட்டாள், அதை விழுங்க முதல் இன்னொன்றையும் போட்டாள், கேட்காமலிருக்க வாய்க்கு ஏதாவது வேலை வேண்டியிருந்தது.