கழுத்தை மறைத்த பட்டை

ஸ்கேன் அறையில் வேலை பார்ப்பவர்களுக்கு வாயில் பூட்டு. படம் எடுக்கலாம், படத்தைப் பார்க்கலாம், பார்த்ததைச் சொல்லக் கூடாது. சொல்வதற்கென்று டாக்டர் இருக்கிறார், அவர் வருகிற வரைக்கும் நோயாளி நகத்தைக் கடித்துக்கொண்டு வராந்தாவில் உட்கார்ந்திருக்க வேண்டும். தங்கை வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து இந்தச் சட்டத்தைக் காப்பாற்றித்தான் வந்தாள், அண்ணன் விஷயத்தில் மட்டும் முடியவில்லை. மெஷினிலிருந்து வெளியே வந்ததும் அவன் நேராக அவள் முகத்தைத்தான் பார்ப்பான். முகம் தெளிவாக இருந்தால் டாக்டரைப் பார்க்காமலேயே கேன்டீனுக்கு நடையைக் கட்டிவிடுவான்.

அண்ணன் லிஃப்ட் மெக்கானிக். வாய் சும்மா இருக்காத ஆள். மண்டையோட்டின் அடியில், மூக்குக்குப் பின்னால் ஆழத்தில், பத்து லட்சம் பேரில் ஒருவருக்கு வருகிற கட்டி அவனுக்கு வந்தது. முதலில் எல்லாம் இரண்டிரண்டாகத் தெரிந்தது. பெண்டாட்டியும் இரண்டாகத் தெரிகிறாள், ஒருத்தியைச் சமாளிக்கவே ததிங்கிணத்தோம் போடுகிறேன் என்று டாக்டரிடமே சொன்னான். அண்ணி பக்கத்தில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாள். மூக்கு வழியாகக் கருவியை விட்டுக் கட்டியைச் சுரண்டி எடுத்தார்கள், அப்புறம் கதிர்வீச்சு கொடுத்தார்கள், அதற்கப்புறம் ஆறு மாதத்துக்கு ஒரு தடவை தலைக்கு ஸ்கேன். ஒவ்வொரு தடவையும் தலை சுத்தமாக இருந்தது. கட்டியை ஒரேயடியாகத் தலைமுழுகியாச்சு என்று குடும்பமே நம்பியது.

அந்தப் படங்கள் எல்லாவற்றையும் எடுத்தவள் தங்கைதான். அண்ணன் தலையை வேறு யாரும் தொட விடமாட்டாள். அவள் எடுக்கிற படத்தில் ஒரு தூசு துரும்பு இருக்காது என்று அந்த ஆஸ்பத்திரி முழுக்கப் பேச்சு. அதற்கு ஒரு கைப்பழக்கம் உண்டு. கழுத்து ரத்தக் குழாய்களில் ரத்தம் ஓடுவது தலைப் படத்தின்மேல் நிழல் நிழலாக விழும். விழாமல் இருக்க, கம்ப்யூட்டர் திரையில் கழுத்துக்குக் குறுக்கே ஒரு பட்டையைப் போட்டுவிடுவார்கள். பட்டை விழுகிற இடம் படத்தில் கறுப்பாகிவிடும், தலை மட்டும் துடைத்து வைத்தது போலத் தெரியும். மற்றவர்கள் பட்டையைக் குறுகலாக, எட்டத்தில் போடுவார்கள். அண்ணன் தலை ஆயிற்றே, தங்கை தாராளமாக அகலமாகப் போடுவாள்.

போன வருடக் கடைசியில் அண்ணனுக்கு முதுகு வலிக்க ஆரம்பித்தது. லிஃப்ட் குழிக்குள் குனிந்து நிமிர்கிற ஆளுக்கு முதுகு வலிக்காமல் என்ன செய்யும்? தங்கையும் அப்படித்தான் சொன்னாள். தைலம் வாங்கிக் கொடுத்தாள், பெல்ட் வாங்கிக் கொடுத்தாள், இந்த வயதில் இளவட்டம் மாதிரி ஏணி ஏறாதே என்று திட்டினாள். வியாதி என்றால் தலையில்தான் என்று அத்தனை பேருக்கும் மனதில் படிந்துபோயிருந்தது. ஒருநாள் ஏணியில் வைத்த கால், வைத்தது தெரியாமலே நழுவியது. அதன்பிறகுதான் முதுகெலும்பு முழுவதையும் படம் எடுக்கச் சொல்லி எழுதினார்கள்.

எடுத்தவள் அவள்தான். திரையில் முதுகெலும்பு மேலிருந்து கீழே வரத் தொடங்கியதும் அவள் எண்ண ஆரம்பித்தாள். கழுத்தில் ஒன்று, முதுகில் மூன்று, இடுப்புக்கு மேலே ஒன்று. எல்லாம் வெள்ளை வெளேரென்று, தலையில் முன்பு பார்த்த அதே வெள்ளை. முதுகில் இருந்த ஒன்று தண்டுவடத்தை நசுக்கிக்கொண்டிருந்தது. வெளியே வந்த அண்ணன் வழக்கம்போல் அவள் முகத்தைப் பார்த்தான். அவள் மெஷினைத் துடைக்கிற மாதிரி திரும்பிக்கொண்டாள். அவன் அன்றைக்குக் கேன்டீனுக்குப் போகவில்லை.

எல்லோரும் போன பிறகு அவள் அண்ணனுடைய பழைய படங்களைத் திறந்தாள். போன வருடத் தலைப் படத்தில் கழுத்து இருக்கவேண்டிய இடத்தில் அவளுடைய பட்டை இருந்தது, அகலமாக, கறுப்பாக. பட்டை போடுவதற்கு முன்னால், எங்கே போடலாம் என்று பார்ப்பதற்காகச் சில நொடிகளில் ஒரு மங்கல் படம் எடுப்பார்கள். அதை எந்த டாக்டரும் திறந்து பார்ப்பதில்லை. தலையைப் படிக்கச் சொன்னார்கள், தலையைப் படித்தார்கள், அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை. அந்த மங்கல் படத்தைப் பார்க்கிற ஒரே ஜீவன் பட்டை போடுகிறவள். அதில், கழுத்தின் மூன்றாவது எலும்பில், பயறு அளவுக்கு ஒரு வெள்ளைப் புள்ளி இருந்தது. அதன்மேல்தான் அவள் பட்டையைப் போட்டிருந்தாள்.

மறுநாள் ஆபரேஷன் செய்த டாக்டரிடம் சுற்றி வளைத்துக் கேட்டாள். தலையடிக் கட்டி முதுகெலும்புக்கு இறங்குவது அபூர்வத்திலும் அபூர்வம் என்றார் அவர். இத்தனை இடத்தில் கத்தி வைக்க முடியாது, வலி குறையக் கதிர்வீச்சு கொடுக்கலாம், கால் திரும்பும் என்று நம்பவேண்டாம் என்றார். போன வருடமே தெரிந்திருந்தால் என்று அவள் இழுத்தாள்.

“ஒண்ணே ஒண்ணா இருந்திருந்தா ஏதாவது செஞ்சு பார்த்திருக்கலாம்மா. காப்பாத்தியிருப்போமான்னு கேட்டா, தெரியாது” என்றார்.

தெரியாது என்ற அந்த ஒரு சொல்தான் அவளைப் பிடித்து ஆட்டியது. காப்பாற்றியே இருக்க முடியாது என்று சொல்லியிருந்தால் அழுதுவிட்டுப் போயிருப்பாள். இனி அவளுக்கு இரண்டே வழி, அண்ணனிடம் சொல்வது அல்லது மென்று விழுங்குவது. சொன்னால் அவன் தன் முகத்தில் விழிப்பானா என்று பயந்தாள். சொல்லாவிட்டால் அவன் முகத்தில் தான் எப்படி விழிப்பது என்றும் பயந்தாள்.

சில வாரங்களில் அண்ணன் படுக்கையோடு படுக்கையானான். இடுப்புக்குக் கீழே எதுவும் தன்னுடையதில்லை என்றான். வாய் மட்டும் ஓயவில்லை. லிஃப்ட் நின்றுபோனால் மெக்கானிக் முதலில் கேட்பது எப்போதிலிருந்து சத்தம் வந்தது என்பதைத்தானாம், அதனால் வருகிற டாக்டர்களிடமெல்லாம் இது எப்போது முளைத்தது என்று கேட்டுக்கொண்டே இருந்தான். ஒருவரும் பிடிகொடுக்கவில்லை. அண்ணியோ வருகிறவர் போகிறவரிடமெல்லாம், நாத்தனார் கண்ணில் வைத்துப் பார்த்துக்கொண்டதால்தான் இத்தனை வருடம் ஓடியது என்று சொல்லிக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு தடவை அதைக் கேட்கும்போதும் தங்கைக்குச் செருப்பால் அடித்த மாதிரி இருந்தது.

ஒரு மாலை அண்ணி மருந்து வாங்கப் போயிருந்தாள். தங்கை கட்டிலின் கால்மாட்டில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னாள். பட்டையைச் சொன்னாள், மங்கல் படத்தைச் சொன்னாள், புள்ளியைச் சொன்னாள், டாக்டர் சொன்ன தெரியாது என்பதையும் விடவில்லை. சொல்லச் சொல்ல அவளுக்கு மூச்சு இலேசாகிக்கொண்டே வந்தது, வாரக்கணக்கில் நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்தது இறங்கியது. அது அவளுக்கே வெட்கமாக இருந்தது.

அண்ணன் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். ஒரு கிண்டலாவது செய்வான் என்று காத்திருந்தாள். திட்டுவதாக இருந்தால் திட்டட்டும், அதற்கும் தயாராகத்தான் வந்திருந்தாள்.

“நீ சொல்லாமலே இருந்திருக்கலாம், வாலு” என்றான். அவளை அவன் சின்ன வயதிலிருந்து அப்படித்தான் கூப்பிடுவான்.

“நீதானே எல்லார்கிட்டயும் கேட்டுக்கிட்டே இருந்தே. மறைக்க மனசு வரலைண்ணா.”

“டாக்டருங்களைக் கேட்டேன். உன்னைக் கேட்டேனா? இது வந்ததிலேர்ந்து யார் மேலயும் எனக்குக் கோபம் இல்ல. வந்துச்சு, அவ்வளவுதான்னு கிடந்தேன். இனிமே உன் மேல கோபப்படணும், அப்புறம் அதை ஆத்திக்கணும், மன்னிக்கணும். இதுக்கெல்லாம் எனக்கு எங்க நாள் இருக்கு?”

வாசலில் அண்ணியின் செருப்புச் சத்தம் கேட்டது. அவகிட்ட மூச்சு விடாதே, அவளாவது உன்கூட இருக்கட்டும் என்று தணிந்த குரலில் சொல்லிவிட்டு, அண்ணன் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டான்.

சொல்லத் தொடங்கும்போதே தங்கை போர்வைக்குள் கையை விட்டு அவன் இரண்டு பாதங்களையும் பிடித்திருந்தாள். இன்னும் விடவில்லை. அவனுக்கு அது தெரியவில்லை.