ஒட்டின நிலா

யாராவது படத்தில் வேறு நிலாவை வெட்டி ஒட்டினால் முதலில் திட்டுகிறவள் நான்தான். "இன்னிக்கு இன்னா திதின்னு பாத்துட்டு ஒட்டுய்யா" என்று கமெண்ட் போடுவேன். அப்பேர்ப்பட்ட நானே ஒட்டினேன். அதுவே என் வீட்டுக்காரர் குமாரின் வேலைக்கு உலை வைத்தது.

குமார் மறைமலைநகர் கம்பெனிக்கு ஆள் ஏற்றும் பஸ் ஓட்டுகிறார். கடைசி ஆளை மாமல்லபுரத்தில் இறக்கிவிட்டு, காலி வண்டியை ராத்திரி எட்டுக்குள் ஷெட்டில் விட வேண்டும். வழியில் நிறுத்தினால் சீட்டு கிழிந்துவிடும். புதன்கிழமை கேமராவோடு நானும் வண்டியில் இருந்தேன்; எனக்காகக் கடற்கரையில் நிறுத்தினார். "இன்னும் ஒண்ணு, இன்னும் ஒண்ணு" என்று பஸ்ஸைப் படமெடுத்தே நாற்பது நிமிஷத்தைத் தின்றேன். அன்று மூன்றாம் பிறை. நிலா எங்கள் முதுகுக்குப் பின்னால், செங்கல்பட்டுப் பக்கம் நகத்துண்டாக நின்றது. கடல் பக்கம் வானம் மொட்டை. லைக் ஆசை யாரை விட்டது? போன பௌர்ணமி நிலாவை அங்கே ஒட்டி ஸ்டேட்டஸ் வைத்துவிட்டேன்.

வெள்ளிக்கிழமை காலையில் ஷெட் சூப்பர்வைசர் சம்பத் எங்கள் இரண்டு பேரையும் வரச் சொன்னார். யாரோ அனுப்பிய என் ஸ்டேட்டஸ் படம் அவர் போனில் இருந்தது.

"புதன்கிழமை கேட்டு நோட்டுல வண்டி உள்ள வந்தது எட்டு நாப்பதுன்னு கீது. பீச்சுல வண்டி நிக்குது. இன்னா குமாரு?"

"எட்டுக்கே வுட்டுட்டேன் சார். வாட்ச்மேன் தப்பா எழுதிகினான்" என்றார் குமார். வண்டியின் ஜிபிஎஸ் பெட்டி மூன்று மாதமாகச் செத்துக் கிடந்தது. அந்த நோட்டை விட்டால் வேறு சாட்சி கிடையாது. குமார் முகத்தைப் பார்த்தேன். வாய் தானாகத் திறந்துகொண்டது.

"சார், அது புதன்கிழமை எடுத்த படமே இல்ல. அன்னிக்கு அமாவாசைக்கு மூணாம் நாளு. பிறை மேற்கால தான் தெரியும், அதுவும் கீத்தாட்டம். பொழுது சாயற நேரத்துல கடல்லேருந்து முழு நிலா வரணும்னா அது பௌர்ணமி தான். போன பௌர்ணமி ஞாயித்துக்கிழமை கம்பெனி குடும்பங்கள இதே வண்டில பீச்சுக்கு இட்டுகினு போனீங்களே, அன்னிக்கு எடுத்தது."

சொன்னதில் நிலாக் கணக்கு அத்தனையும் நிஜம். அதை வைத்துத்தான் முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துக்கொண்டிருந்தேன். சம்பத் எழுந்துபோய் மாதக் காலண்டரைப் புரட்டினார். விரல் பௌர்ணமியில் நின்றது, பிறகு புதனுக்கு வந்தது.

"கரெக்டா தாம்மா சொல்ற" என்றார். குமார் மூச்சு விட்டது எனக்குக் கேட்டது.

"அப்ப நோட்டு தான் பொய். யோவ், பெஞ்சமின கூப்புடு!"

வாட்ச்மேன் பெஞ்சமின் தொப்பியைக் கழற்றிக்கொண்டு உள்ளே வந்தார். ஐம்பது வயதிருக்கும். சம்பத் நோட்டை அவர் முன்னால் விசிறினார்.

"தூங்கினு இருந்துட்டு வாய்க்கு வந்த டைம் எழுதுறியா? நாளைலேந்து வராத."

"கடியாரத்த பாத்து தான் சார் எழுதினேன். மாதா சத்தியமா எட்டு நாப்பது." அவர் குமாரைப் பார்த்தார். "அண்ணாத்த, நீயே சொல்லு. கேட்டு தொறக்கறப்ப லேட்டாயிட்ச்சின்னு நீ தானே சொன்ன?"

குமார் தரையைப் பார்த்தார். பெஞ்சமின் சட்டையிலிருந்த விசிலைக் கழற்றப் போனார். கயிறு பொத்தானில் மாட்டிக்கொண்டது. சீ, நானும் ஒரு மனுஷியா என்றிருந்தது.

பையிலிருந்து கேமராவை எடுத்தேன். குமார் என் மணிக்கட்டைப் பிடித்தார். "ரோகிணி, வாணாம்." உதறிவிட்டு மேஜையில் வைத்தேன். திரையில் அதே பஸ், அதே கடல், நிலா இல்லாத வானம். கீழே புதன்கிழமைத் தேதி, மணி ஆறு ஐம்பது. அடுத்த படத்தில் தென்னைகளுக்கு மேலே மூன்றாம் பிறை.

"அந்த நிலா நான் ஒட்டினது சார்."

சம்பத் கேமராவையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் குமாரைப் பார்க்கப் பயந்து சுவரைப் பார்த்தேன். மேஜையில் பஸ் சாவியை வைக்கும் சத்தம் கேட்டது.

"எட்டு நாப்பது தான் சார்" என்றார் குமார். "பெஞ்சமின் அண்ணன் சரியா தான் எழுதிகீறாரு."